தண்ணீர் ஏறாத வீடு

கையில் பிரஷ் இருப்பதைப் பார்த்த பிறகுதான் செண்பகத்துக்கு உறைத்தது, இவ்வளவு நேரமும் தான் குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. அட கூறுகெட்ட கையே, எதைச் செய்யக் கூடாது என்று காலையிலிருந்து உனக்குச் சொன்னேனோ அதையே செய்துவிட்டாயே. எதிர்வீட்டு மும்தாஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாளே. “யக்கா, நல்லாக் கேட்டுக்க. அவங்க நாலு மணிக்கு வராங்கன்னா நீ மூணு மணிக்கே ஈரத்துணிய எல்லாம் ஹாலுக்குள்ள கொடி கட்டிப் போட்டுடு. பாத்ரூமு பக்கம் போவாத. நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்ப ஒரு கொதி உட்டு கதவ சாத்தி வையி. வரவன் வாசப்படியிலயே மூக்கப் புடிச்சினு ஓடணும்.” அப்படியும் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று இவள் கேட்டதற்கு, அதற்கும் மருந்து வைத்திருந்தாள். “மழைக்குத் தண்ணி நிக்குமான்னு கேப்பாங்க. கேக்காம எவனும் இந்தப் பக்கம் வீடு வாங்க மாட்டான். முட்டி வரைக்கும் வரும்னு சொல்லு. அவ்ளோதான். சோலி முடிஞ்சுது.” எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தவள்தான். இப்போது பார்த்தால் தரை பாதி வெள்ளை, பாதி பழுப்பு. பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு கிடந்தது. சரி, இதோடு விட்டுவிடுவோம், பாதி அழுக்குக்கும் ஓடுகிறவன் ஓடுவான் என்று எழுந்தாள். வாசல்வரை வந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. திரும்பப் போய் மீதியையும் தேய்த்தாள்.

வீடு அவளுடையது இல்லை. அது ஊருக்கே தெரியும், கைக்கு மட்டும் தெரியவில்லை. ரெஜினா டீச்சருடைய வீடு. மகள் சுபிக்ஷா தத்தித் தத்தி நடக்கிற வயசில் செம்பாக்கத்துக்குக் குடி வந்தது, இப்போது அவள் பன்னிரண்டாவது படிக்கிறாள். டீச்சர் ரிட்டயர் ஆகி, அவர் வீட்டுக்காரர் இறந்து, கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கிறார். போன வாரம் போன் வந்தது. “செண்பகம், எனக்கு உன்கிட்டச் சொல்ல வாயே வரல. இங்க மகன் ஃப்ளாட் பாத்திருக்கான். விலையக் கேட்டா மயக்கம் வருது. நம்மள மாதிரி மிடில் கிளாஸ் எல்லாம் ஒண்ண வித்தாத்தான் ஒண்ணு வாங்க முடியும். ஒரு பார்ட்டி வர்றாங்க, கொஞ்சம் வீட்டத் தெறந்து காட்டிரும்மா.” டீச்சரும் மிடில் கிளாஸ், நாமும் மிடில் கிளாஸ். சொந்த வீட்டை விற்கிறவரும் அதுதான், அந்த வீட்டிலிருந்து போகிறவளும் அதுதான். அந்த வார்த்தை சீசன் டைமில் தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிற அன்ரிசர்வ்டு பெட்டி போல, எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கிறது. “விலை முடிஞ்சா ரெண்டு மாசத்துல காலி பண்ண வேண்டியிருக்கும், மனசுல வச்சுக்க” என்று டீச்சர் கடைசியில் மெதுவாகச் சொன்னார். இது நவம்பர். ரெண்டு மாசம் என்றால் ஜனவரி. ஜனவரியில் சுபிக்கு ரிவிஷன், பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பரீட்சை. பள்ளிக்கூடம் இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்திலேயே வேறு வீடு பார்க்கலாம் என்று போனால், இப்போது கொடுக்கிற வாடகையைப் போல இரண்டு மடங்கைக் கூசாமல் கேட்கிறார்கள். முடிந்த வாடகைக்கு வேண்டுமென்றால் வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டிப் போக வேண்டும். அங்கிருந்து புள்ளை விடியுமுன்னே எழுந்து, ரயில் பிடித்து, பஸ் பிடித்து. ஏப்ரல் வரைக்கும். ஏப்ரல் மட்டும் போதும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதை யாரிடம் கேட்பது? டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை, அவர் செய்ததெல்லாம் போதாதா. தரகரிடம் கேட்டால் சிரிப்பான். கேட்கத் தெரியாதவளுக்குப் பொய் ஒன்றுதான் வழி என்று மும்தாஜ் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

முட்டி வரைக்கும் தண்ணி வரும். சொல்லிப் பார்த்தாள். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு: ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க, முட்டி வரைக்கும். இல்லை, ஐயோ வேண்டாம், நாடகம் மாதிரி இருக்கிறது. சாதாரணமாக, மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. மழை பெஞ்சா முட்டி வரைக்கும் வருங்க. ஒவ்வொரு தரமும் முட்டி என்கிற இடத்தில் நாக்கு ஒரு கல்லில் இடறின மாதிரி நின்றது. ஏனென்றால் முட்டியைச் சொன்ன உடனே கண் வாசல் படிக்குப் போய்விடுகிறது. வாசலில் மூன்று படி. வீடு கட்டுகிறபோது டீச்சர் வீட்டுக்காரர் ஜெபராஜ் சார் அடித்தளத்தை ஊர் வழக்கத்தைவிட உயர்த்தி எழுப்பினாராம். தெருவே சிரித்ததாம், இன்னா சார், கீழ் வீட்டையே மாடியில கட்டுறீங்களே என்று. சிரித்தவர்கள் எல்லாம் ஊரே முங்கிய அந்த டிசம்பர் மழையில் படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். தண்ணீர் தெருவில் ஆறு போல் போனது. யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று மிதந்து போனது. முதல் படி முங்கியது. இரண்டாம் படி முங்கியது. வேலாயுதம், அவள் வீட்டுக்காரர், டார்ச்சை அடித்துக்கொண்டு மூன்றாம் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். செண்பகம் சாமி படத்துக்கு முன்னால் போகவில்லை. வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னாள், போதும்மா, போதும் தாயி, வந்துட்ட, பாத்துட்ட, போ. இரண்டாம் படியோடு நின்றது. தெருவில் பாதிச் சனம் இந்த ஹாலில்தான் படுத்துக் கிடந்தது. மும்தாஜ் தன் இரண்டு பிள்ளைகளோடு இந்தச் சமையலறை வாசலில்தான் தலை வைத்துப் படுத்தாள். காலையில் அதைத்தான் இவள் கேட்டாள். “ஏ மும்தாஜ், அன்னிக்கு நீயே இங்கதானடி படுத்துக் கெடந்த? முட்டி வரைக்கும் வந்துச்சுன்னா நீ என்ன மெதந்தா கெடந்த?” மும்தாஜ் சிரிக்கவில்லை. “அதாலதான் சொல்றேன். நீ போயிட்டா அடுத்த மழைக்கு நா யார் வூட்ல போய்ப் படுப்பேன்?” என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள்.

குளியலறையைக் கழுவிவிட்டு ஹாலுக்கு வந்தாள். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கதவுக்கு மேலே சிமெண்டில் சிலுவை மாதிரி ஒரு காற்றுத்துளை. மதியத்துக்கு மேல் அந்தச் சிலுவை வெளிச்சமாகத் தரையில் விழும், விழுந்து மெல்ல நகர்ந்து அவளுடைய முருகன் படத்துக்குக் கீழே போய் முடியும். வந்த புதிதில் அதற்கு நேராக விளக்கேற்றலாமா என்று டீச்சரிடம் பயந்து பயந்து கேட்டாள். “ஏத்தும்மா, வெளிச்சத்துக்கு வெளிச்சம் சண்ட போடவா போகுது” என்றார். ஆணி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, “அடிச்சுக்க. சுவரு என்ன அழவா போகுது?” எந்த ஊர் ஓனர் இந்தக் காலத்தில் ஆணிக்குச் சரி சொல்வார்? முன்பு பல்லாவரத்தில் இருந்த வீட்டில் காலண்டரைக் கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும். ஊரடங்கு வந்து கம்பெனியை மூடியபோது, வேலாயுதம் பேசாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், டீச்சரே போன் போட்டார். “வாடகையப் பத்தி ஒரு வார்த்த பேசின, அப்புறம் நான் உன்கூடப் பேச மாட்டேன்.” அந்தப் போனை வைத்துவிட்டு வேலாயுதம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கழுவ வேண்டிய அளவுக்கு முகத்தில் அழுக்கு எதுவும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த டீச்சருடைய வீட்டைத் தண்ணி வீடு என்று சொல்ல வேண்டும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே. சேச்சே, இரண்டகம் என்ன, பெரிய வார்த்தை. ஒரு சின்னப் பொய். இவர்கள் போனால் வேறு யாராவது வாங்கப் போகிறார்கள், ஏப்ரலுக்கு அப்புறம். டீச்சருக்கு என்ன நஷ்டம்? விலை இன்னும் ஏறித்தானே இருக்கும். விலை எங்கே இறங்கியிருக்கிறது.

விலை. அவர்கள் குடி வந்தபோது பக்கத்து மனை காலியாக, எருக்கஞ்செடியும் எருமையுமாகக் கிடந்தது. ஜெபராஜ் சாரே சொன்னார், வேலாயுதம், தெரிஞ்ச மனுஷன்தான், பேசி முடிச்சுத் தரவா என்று. அப்போது முண்டியடித்தால் முடிந்திருக்கும். வேலாயுதம் அந்த மனையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, “இந்தக் காட்டுல போய் அம்புட்டுப் பணத்தப் போடுறதா, அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அடுத்த வருஷம் கேட்டபோது விலை கைக்குக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் இன்னும் தள்ளி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்று பார்த்தால் பொங்காது. இந்தா, ஒரு கறிவேப்பிலையை எடுக்கத் திரும்பினால் அந்த ஒரு நொடியில் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். வீட்டு விலையும் அப்படித்தான் பொங்கிற்று. அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். சுபிக்குக் காய்ச்சல் வந்தபோது கொஞ்சம் திரும்பினார்கள். நாத்தனார் கல்யாணத்துக்குத் திரும்பினார்கள். ஊரடங்குக்குத் திரும்பினார்கள். இப்போது அந்த மனையில் நாலு மாடி நிற்கிறது, கீழே காவலுக்கு ஆள். அதில் ஒரு சமையலறை அளவு இடத்துக்கு என்ன விலை என்று வேலாயுதம் ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு, “ரசம் நல்லாருக்கு” என்றார்.

ஆனாலும் வருத்தமாகவே இருந்தது என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. மனை பார்க்க இலவச வேன் விடுவார்களே, தாம்பரத்துக்கு மிக அருகில் என்று போர்டு வைத்து. அதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார்கள்! மிக அருகில் என்பது மதுராந்தகம் தாண்டி, ஒரு ஏரியைத் தாண்டி, ஒரு ரயில்வே கேட்டையும் தாண்டி வரும். வேனில் பாட்டுப் போடுவார்கள். போனவுடன் மோர், மதியம் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். வெறும் பொட்டல் காட்டில் வெள்ளையடித்த கல்லும் கலர்க் கொடியும். சுபிக்கு அது பிக்னிக். கல்லுக்குக் கல் தாவுவாள். வேலாயுதம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மனைக்கு நடுவில் நின்று, “செண்பகம், இந்தா இங்க அடுப்படி, கெழக்கப் பாத்து. இங்க புள்ள படிக்கதுக்கு ரூம்பு. ஏய், அங்க நிக்காத, நீ செவுத்துக்குள்ள நிக்க” என்பார். அவளும் நகர்ந்து, இல்லாத வாசல் வழியாகவே உள்ளே வருவாள். ஒரு தரம் கூட இல்லாத சுவரைத் தாண்டி வந்ததில்லை. மாலை திரும்பும்போது ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்புவார்கள். அந்த டப்பாக்களில்தான் இன்றைக்கும் துவரம்பருப்பும் கடுகும் இருக்கிறது. ஒரு மனையும் வாங்காமல் அத்தனை வீட்டில் அடுப்பு வைத்துப் பார்த்தவள் செம்பாக்கத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை யார் கொடுத்தார்கள்? அந்த வேன்காரர்கள்தான். நல்லா இருக்கட்டும்.

துவரம்பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள், எதற்கென்று தெரியாமல். அடியில் ஒரு கைப்பிடி. நெறஞ்சிருக்கு, என்று வாய் தானாகச் சொல்லிற்று. அம்மா பழக்கிய பழக்கம். தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. அரிசி தீர்ந்தால் அரிசி நெறஞ்சிருக்கு, உப்பு தீர்ந்தால் உப்பு பெருகியிருக்கு. வீட்டுக்குள் ஒரு தேவதை நின்றுகொண்டு நாம் சொல்வதற்கெல்லாம் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம், அதற்கு விளையாட்டும் தெரியாது, வினையும் தெரியாது. வேலாயுதம் கல்யாணமான புதிதில் கடையிலிருந்து போன் போட்டுக் கேட்பார், அரிசி நிறைஞ்சிருக்குன்னா வாங்கவா, வேண்டாமா? நிறைஞ்சிருக்குன்னு சொல்றேன்ல, வாங்கிட்டு வாங்க என்பாள் இவள். அவருக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது யோசித்துப் பார்த்தால், மிடில் கிளாஸ் மிடில் கிளாஸ் என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் எல்லாம் கட்டிப் புரள்கிறார்களே, வருஷ வருமானம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று. டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டு நெறஞ்சிருக்கு என்று சொல்கிற சனம் எதுவோ அதுதான் மிடில் கிளாஸ். கிழிந்த போர்வையை உள்ளே விரித்து நல்ல போர்வையை மேலே போட்டு, யார் வந்தாலும் நாற்காலியின் உடைந்த காலைச் சுவரோரம் திருப்பிவைத்து. இல்லை என்று சொல்லாமல் இருக்கிற வரைக்கும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி வளர்த்த வாயால், இந்தக் கூரைக்குக் கீழேயே நின்று, தண்ணி முட்டி வரைக்கும் வரும் என்று சொன்னால், அந்தத் தேவதை ஆகட்டும் என்றால்? ஆகிவிட்டால்? மும்தாஜ் எங்கே படுப்பாள்? கருவாட்டுக் குழம்பைத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, வைத்தது சரியா என்று யோசித்தாள். வெளியே எடுத்தாள். அழைப்பு மணி அடித்தது. உள்ளேயே வைத்துவிட்டு ஓடினாள்.

முதலில் உள்ளே வந்தவன் தரகர் தேசிங்கு, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன். பின்னால் கணவன் மனைவி, முப்பது முப்பத்திரண்டு வயசுதான் இருக்கும். “வாங்க, வாங்க. செருப்பு இருக்கட்டும், பரவால்ல” என்றாள் செண்பகம். வரவேற்கக் கூடாது என்று முடிவு செய்தது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் செருப்பை வெளியே ஓரமாக, ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, “உள்ள வரலாமாக்கா?” என்று கேட்டாள். விலைக்கு வாங்க வந்தவள், உள்ளே வரலாமா என்கிறாள். யாமினி என்று பேராம், அவன் கௌதம். கௌதம் போனைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஹால் நடுவில் மெல்லச் சுற்றினான், அதில் திசைகாட்டி. “வடகிழக்குல பாத்ரூம் வருதே” என்றான். “சார், அது வடகிழக்கு இல்ல சார். கிழக்க ஒட்டுன வடக்கு. ரெண்டும் வேற” என்றான் தேசிங்கு, கண்ணைக் கூட சிமிட்டாமல். “நம்மள மாதிரி மிடில் கிளாசுக்கு இதுக்கு மேல வாஸ்து பாத்தா வானத்துலதான் சார் வீடு கட்டணும்.” புல்லட்டில் வருகிற இவனும் ஏறிக்கொண்டான் அந்த அன்ரிசர்வ்டு பெட்டியில். யாமினி குளியலறையை எட்டிப் பார்த்து, “என்ன சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க” என்றாள், புருஷனிடம். செண்பகத்துக்கு அப்படியே உடம்பு ஒரு சுற்றுப் பூரித்தது, கூடவே தன் தலையில் தானே குட்டிக்கொள்ளவும் தோன்றியது. காபி கொடுக்கக் கூடாது, அதிலாவது உறுதியாக இருப்போம் என்று சமையலறைக்குள் போனாள். போனவள் பாலை அடுப்பில் வைத்தாள். நேற்று வேலாயுதத்திடம் கேட்டாளே, என்னங்க சொல்றது, சொல்லவா வேண்டாமா என்று. “பொய் சொல்லுன்னும் நான் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். ஒனக்கு எது தோணுதோ அதச் சொல்லு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்ட மனுஷன். என்ன மாதிரிப் பெருந்தன்மை! எனக்குத் தோன்றுகிறதா? எனக்குக் காபி போடத்தான் தோன்றுகிறது.

தேசிங்கு கௌதமை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனான், தொட்டியைக் காட்ட. அவர்கள் ஏறுகிற சத்தம் மேலே போய் ஓய்ந்ததும் யாமினி சமையலறை வாசலுக்கு வந்து, நிலையில் சாய்ந்துகொண்டு, குரலைத் தணித்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ப்ரோக்கர் சொல்றத நம்ப முடியாது. இருக்கிறவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும். மனசத் தொட்டுச் சொல்லுங்க. மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமா?” வந்துவிட்டது. காலையிலிருந்து வரும் வரும் என்று இருந்தது இப்படி மெதுவாக, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்தாள். அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். செயின் இல்லை, தாலி மஞ்சள் கயிற்றில் கிடந்தது. காதில் பொட்டு மாதிரி ஒரு தோடு. எல்லாம் முன்பணத்துக்காக அடகுக் கடைக்குள்ளே போயிருக்கிறது. அடகு வைத்துப் பழகின கண்ணுக்கு இது பார்த்த உடனே தெரிந்துவிடும். இன்னும் இருபது வருஷம் மாசம் பிறந்தால் இ.எம்.ஐ. கட்டப் போகிற முகம், இன்றைக்கே ஒரு மாசம் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. இவளிடம் முட்டி என்று சொன்னால் இவள் நம்புவாள். நம்பிப் போவாள். போய் வேறு எங்கேயோ, வராது வராது என்று சத்தியம் செய்கிற ஒருத்தன் பேச்சைக் கேட்டு, நிஜமாகவே முட்டி வரைக்கும் வருகிற வீட்டை வாங்குவாள். எனக்கென்ன? சுபி. ஜனவரி. விடியுமுன்னே ரயில். சொல்லு. சாதாரணமாக. மிளகாய்த்தூள் மாதிரி.

“மழையா?” என்றாள் செண்பகம். “அந்த டிசம்பர் மழை வந்துச்சே, ஊரே முங்குச்சே, ஞாபகம் இருக்கா?”

யாமினி தலையை ஆட்டினாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள், அடியை வாங்கத் தயாராகிறவள் மாதிரி.

“அன்னிக்கு இந்தத் தெருவுல பாதி சனம் எங்க ஹால்லதாம்மா படுத்திருந்துச்சு. வேற எந்த வீட்டுலயும் கால் வைக்க முடியல. இங்க ரெண்டாம் படியோட நின்னுருச்சு. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உள்ள வரல. பாய் நனையல. நான் அத்தன பேருக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்துனேன், தீப்பெட்டி கூட நமத்துப் போகல. பெரிய சார் அவ்வளவு ஒசத்திக் கட்டிருக்காரு. நீ எந்த ஊருல போய்த் தேடுனாலும் இந்த மாதிரி வீடு கெடைக்காது.” சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பொய்யைத் தொடங்கத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக. முதல் வார்த்தை வரைக்கும் பொய்யாகத்தான் வந்தது. அதற்கப்புறம் பெருமை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. போச்சு. எல்லாம் போச்சு. மும்தாஜிடம் எப்படி முகத்தைக் காட்டுவது? ஆனால், இது என்ன, நெஞ்சில் ஒரு கனம் இறங்கி, காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்விட்டு வருகிறதே. வீடு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். இத்தனை வருஷத்துக்கு நான் உனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஒரு சுண்ணாம்பு கூட என் காசில் அடித்ததில்லை. உன்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்ல ஒரு நேரம் வந்தது. சொல்லிவிட்டேன். காபியை ஆற்றிக் கொடுத்தாள். யாமினி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. “இதோட பதினோரு வீடு பாத்தாச்சுக்கா. எல்லாரும் நல்ல வீடுன்னுதான் சொன்னாங்க. யாரும் இப்படிச் சொல்லல” என்றாள். பிறகு டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, “அப்ப நீங்க எங்கக்கா போவீங்க?” என்றாள்.

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்க வாய் வரவில்லை, தேசிங்குக்குத் தேவை இல்லை, வேலாயுதத்துக்குப் பயம். அவளே அவளைக் கேட்டுக்கொண்டபோதெல்லாம் அது கேள்வியாக வராமல் ரயில் சத்தமாகத்தான் வந்தது. கேட்கத் தெரியாது என்று நினைத்திருந்தாளே, இப்போது அது வாயிலிருந்து தானாக வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு கரண்டி சர்க்கரை இரவல் கேட்கிற மாதிரி. “எங்கயாச்சும் போவோம்மா. பொண்ணு பன்னண்டாவது படிக்கா. மார்ச்சுல பரீட்ச. பள்ளிக்கூடம் இந்தா இங்கதான் இருக்கு. ஏப்ரல் வரைக்கும் இருக்க முடிஞ்சா... நீங்க என்ன கஷ்டத்துல வாங்குறீங்கன்னு தெரியாது. முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். யாமினி நேராகச் சொன்னாள். “கௌதம், இவங்க ஏப்ரல் வரைக்கும் இருக்கட்டும். பொண்ணுக்குப் பப்ளிக் எக்ஸாம்.” தேசிங்கு, “மேடம், வேக்கண்ட் பொசஷன், காலியாத்தான் கைக்குத் தரணும்னு பேசிருக்கு...” என்று ஆரம்பித்தான். “நாம இருக்கிற வீட்டுக்கு வாடகையும் கட்டி இ.எம்.ஐ.யும் கட்டணுமேடி, எப்படி முடியும்?” என்றான் கௌதம். அவன் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே எப்படி என்று தெரியாத குரல் அது. மாசக் கடைசியில் வேலாயுதத்துக்கு வருகிற அதே குரல். செண்பகம் குறுக்கே வந்தாள். “வாடகைய உங்க கையில குடுத்துர்றோம் தம்பி. பத்திரம் முடிஞ்ச மாசத்துலருந்து. டீச்சருக்குத் தர்ற மாதிரியே, அஞ்சாம் தேதிக்குள்ள.” கௌதம் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். உதடு அசைவது தெரிந்தது. தேசிங்கு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். “சரி” என்றான் கௌதம் கடைசியில். “ஏப்ரல். அதுக்கு மேல எங்களால தாங்க முடியாதுங்க.” யாமினி சிரித்துவிட்டாள். “அப்ப நான் ஹவுஸ் ஓனரா? என்னடா இது, எனக்கு ஓனரப் பாத்தா ஒளிஞ்சுக்கத்தான் தெரியும்.” “பழகிரும்” என்றாள் செண்பகம். “ஆணி அடிக்க மட்டும் விட்டுருங்க.” எதற்கென்று புரியாமலே அவர்களும் சிரித்தார்கள். டீச்சரிடம் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்ல வேண்டும், நல்ல பிள்ளைங்க டீச்சர், நகையை எல்லாம் வச்சு வாங்குதுக, கொஞ்சம் பாத்து விலை சொல்லுங்க என்று. சொல்லலாமா? சொல்லலாம். வேலாயுதம் வந்து, என்ன சொன்ன என்று கேட்பார். தோணுனதச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும், அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. இன்னும் நாலைந்து மாசம். அதற்குள் அந்த வெளிச்சச் சிலுவை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி நாற்காலிப் பக்கம் போகும், பரீட்சைக்குப் படிக்கிற சுபி காலை நீட்டினால் பாதத்தில் விழும். போதும், தாராளம்.

கௌதமும் தேசிங்கும் வாசலில் இறங்கி விலையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார்கள். யாமினி மட்டும் கடைசியாக ஒரு தரம் உள்ளறையைப் பார்த்துவிட்டு வந்தாள், அங்கே இருந்த மேசையையும், அதன்மேல் அடுக்கியிருந்த புத்தகங்களையும், எதையும் தொடாமல். வெளியே வரும்போது, பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே, அவள் கை சுவரில் சுவிட்சைத் தேடிற்று. ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் தனதாகாத வீட்டில், தான் கட்டப் போகாத கரண்ட் பில்லுக்காக, அந்தக் கை தானாகத் தேடிக்கொண்டிருந்தது. செண்பகம் நின்று அதையே பார்த்தாள். இவ நம்ம ஆளுதான், என்று அவளுக்குத் தோன்றியது. இதைவிட நல்ல கைக்கு இந்த வீடு போக முடியாது. யாமினி முதல் சுவிட்சைத் தட்டினாள். ட்யூப்லைட் சிமிட்டி எரிந்தது. பதறி அதை அணைத்துவிட்டு இரண்டாவதைத் தட்டினாள்.

“மூணாவதும்மா” என்றாள் செண்பகம்.